பாடகர் குழுவின் ஆசான் ஹோல்ஸ்ட்

சங்கீத உலகிலே புகழ் பெரும்பாலும் மேடையின் நடுவில் இருப்பவர்க்கே உரியதாகின்றது. கச்சேரி கேட்டு வீடு திரும்பும் நாம் பாடியவரின் பெயரை நினைவில் வைத்திருக்கின்றோம். பக்கவாத்தியம் வாசித்தவரின் பெயரையும் ஒருவேளை நினைவிற் கொள்வோம். ஆனால், பாடியவர்க்குப் பல மாதங்களாகப் பொறுமையுடன் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று விசாரிப்பவர் அரியர். பலர் கூடிப் பாடும் மேனாட்டுப் பாடகர் குழுக்களைப் பொறுத்தவரையில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். அத்தகைய குழுக்களைப் பயிற்றுவதிலேயே தம் வாழ்நாளிற் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். அவர் பெயர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட். இங்கிலாந்து தேசத்தவர். 1874ஆம் ஆண்டிற் பிறந்து 1934ஆம் ஆண்டில் மறைந்தவர்.

மேனாட்டுச் சங்கீதத்திற் பழக்கமுள்ள நேயர்கள் இப்பெயரைக் கேட்டதும், 'கிரகங்கள்' என்னும் வாத்திய இசைத் தொகுதியை ஆக்கியவர் அல்லவா என்று நினைப்பார்கள். உண்மைதான். செவ்வாய் முதலாக நெப்டியூன் ஈறாக ஏழு கிரகங்களின் இயல்புகளை வாத்தியங்களால் வருணிக்கும் அத்தொகுதியே அவருக்கு உலகப் புகழைத் தேடிக் கொடுத்தது. ஆயினும், அவருடைய அன்றாட வாழ்க்கையை நோக்கினால் நாம் காண்பது வேறொரு மனிதரை. பகலிலே பெண்கள் பாடசாலையிற் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்; மாலையிலே, நாள் முழுவதும் உழைத்துக் களைத்து வருகின்ற தொழிலாளர்க்குக் கல்லூரியிற் சங்கீத வகுப்பு நடத்துவார். தமக்கென்று இசை இயற்றுவதற்கு வார இறுதி நாள்களும் ஓகஸ்ட் மாத விடுமுறையுமே அவருக்குக் கிடைத்தன. இத்தகைய திறமை வாய்ந்த ஒருவர் தம் காலத்தை இவ்வாறு செலவிட்டது தகுமா? அது வீணா, பயனா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில், பாடகர் குழு என்பது எப்படி இயங்குகின்றது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நமது பஜனையிலும் கூட்டு வழிபாட்டிலும் எல்லாரும் ஒரே மெட்டையே பாடுகின்றோம். மேனாட்டுக் குழுவில் அவ்வாறில்லை. பெண்களிலே சொப்ரானோ, ஆல்டோ என்று இரு வகுப்பினர். ஆண்களிலே டெனர், பாஸ் என்று இரு வகுப்பினர். இந்நால்வகைக் குரலுக்கும் நான்கு வெவ்வேறு மெட்டுக்கள் உண்டு. நான்கும் ஒரே வேளையில் ஒலித்து ஒன்றோடொன்று இசைய வேண்டும். ஒரு வகுப்பினர் சுருதி தவறினாற் கட்டடம் முழுவதும் சாய்ந்துவிடும்.

இங்கேதான் பியானோ வாசிக்கும் துணைவரின் பணி வருகின்றது. ஒத்திகையிலே நான்கு குரல்களுக்கும் உரிய சுரங்களை ஒரே பார்வையிற் படித்துப் பத்து விரல்களால் வாசிப்பவர் அவர். பாஸ் வகுப்பினர் தடுமாறினால் அந்த வரியை மாத்திரம் அழுத்தி ஒலிக்கச் செய்வார். டெனர் பாடுவோர் வராத நாளில் அவர்களுடைய பகுதியைத் தாமே வாசித்து நிரப்புவார். ஆசிரியர் கையை நிறுத்தியதும் நிறுத்தி, எந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவார் என்பதை அவர் சொல்லுமுன்பே உணர்ந்து சுரத்தை எடுத்துக் கொடுப்பார். இவ்வளவும் செய்த பின்னர், அரங்கேற்றத்தன்று பெரிய வாத்தியக் குழு வந்து அமரும். பியானோ மூலையில் ஒதுங்கிவிடும். வாத்தியமே இல்லாது பாடும் பாடல்களென்றால் அவருக்கு மேடையில் வேலையே இல்லை. தாம் தேவையில்லாதவராகும்படி உழைப்பதே அவருடைய தொழில் எனலாம்.

ஹோல்ஸ்ட் இத்தொழிலை இளமையிலேயே அறிந்தவர். செல்ற்றன்ஹாம் நகரிலே தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தும் பாடகர் குழுவைப் பயிற்றியும் பியானோ கற்பித்தும் வாழ்ந்தவர் அவர் தந்தையார். மகனும் பியானோ வித்துவானாக வேண்டுமென்பது தந்தையின் எண்ணம். ஆனால், சிறுவனுக்குக் கண்பார்வை குறைவு. ஆஸ்துமா நோயும் இருந்தது. அந்நோய்க்கு நன்மை பயக்கும் என்று கருதித் தந்தையார் அவனுக்கு ட்ரொம்போன் என்னும் ஊதுகுழலைப் பழக்கினார். பின்னர், வலக்கையிலே நரம்பு வலி தோன்றிற்று. அது ஆயுள் முழுவதும் நீங்கவில்லை. பியானோ வித்துவானாகும் கனவு அதனோடு கலைந்தது.

1891ஆம் ஆண்டிற் பாடசாலையை விட்டு நீங்கிய ஹோல்ஸ்டுக்குப் பதினேழாவது வயதில் முதல் உத்தியோகம் கிடைத்தது. குளொஸ்டர் மாகாணத்தில் விக் ரிஸிங்டன் என்னும் சிறு கிராமத்தின் தேவாலயத்திலே ஓர்கன் வாசிப்பதும் பாடகர்களைப் பயிற்றுவதும் அவர் வேலை. அந்த உத்தியோகத்தோடு, அயலூரான போர்ட்டன் ஒன் த வோட்டரிலிருந்த பாடகர் சங்கத்தை நடத்தும் பொறுப்பும் சேர்ந்து வந்தது. அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. கிராம மக்களே பாடகர்கள். குழுவொன்றைக் கையசைத்து நடத்தும் வித்தையை ஹோல்ஸ்ட் பழகியது அங்கேதான்.

1893இல் இலண்டன் றோயல் சங்கீதக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே மாணவராயிருந்த காலத்தில், தேமிசு நதிக்கரையிலுள்ள ஹமர்ஸ்மித் பகுதியிலே, கவிஞர் வில்லியம் மொரிஸின் இல்லத்திற் கூடிவந்த சோசலிசச் சங்கத்தார் அவரைத் தம் பாடகர் குழுவின் தலைவராக்கினர். அரசியலிலே ஹோல்ஸ்டுக்குப் பெரிய நாட்டமில்லை, தோழமையிலே நாட்டமிருந்தது. அக்குழுவினர்க்கு அவர் கற்பித்தவை பதினாறாம் நூற்றாண்டிலிருந்த தோமஸ் மோர்லியின் பாடல்கள், பதினேழாம் நூற்றாண்டிலிருந்த பர்செல்லின் கூட்டிசைகள், மோட்சார்ட்டின் படைப்புக்கள் ஆகியவை. எளியோரின் சங்கந்தானே, எளிய மெட்டு ஏதேனும் போதும் என்று அவர் எண்ணவில்லை. அக்குழுவிலே சொப்ரானோ குரலிற் பாடிய இசொபெல் ஹரிசன் என்னும் நங்கையையே அவர் 1901இல் மணம் புரிந்தார்.

கல்லூரியை விட்டு நீங்கியதும் பிழைப்புக்கு வழி வேண்டியிருந்தது. 1898இற் கார்ல் றோசா இசைநாடகக் கம்பெனியிலே சேர்ந்தார். நாடக மேடையில் ட்ரொம்போன் ஊதுவதோடு, ஒத்திகையிற் பாடகர்க்குப் பியானோ வாசித்துப் பாடம் பண்ணிவைப்பதும் அவர் கடமை. வலி கொண்ட கையோடு இவ்வேலையைச் செய்தவர்க்குத் துணைவாத்தியக்காரரின் சிரமம் எத்தன்மையது என்பதை வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஊராகச் சுற்றும் வாழ்க்கையில் அலுப்புற்று, முடிவில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1905ஆம் ஆண்டில் ஹமர்ஸ்மித்திலுள்ள புனித பவுல் பெண்கள் பாடசாலையின் சங்கீதத் தலைவரானார். மரணம் வரையில் அப்பதவியை அவர் விடவில்லை. 1907இல் மோர்லிக் கல்லூரியின் சங்கீதத் தலைமையும் அவரிடம் வந்தது.

மோர்லிக் கல்லூரி என்பது தேமிசின் தென்கரையிலே, உழைக்கும் ஆண்களும் பெண்களும் மாலை நேரத்திற் கல்வி பெறுவதற்காக 1889இல் நிறுவப்பட்டது. இசையைப் பிழைப்பாகக் கொள்ளாது அதன்மேல் வைத்த அன்பினாலே பயில்வோரை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்பர். அன்பு செய்தல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது. காலப்போக்கில் அரைகுறை என்னும் பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. மோர்லியிலே ஹோல்ஸ்டிடம் வந்தவர்கள் இவ்விரு பொருளுக்கும் உரியவர்கள். ஆர்வம் மிக்கவர்கள், பயிற்சி குறைந்தவர்கள்.

ஹோல்ஸ்டின் முறை விசித்திரமானது. இன்னின்ன வாத்தியம் இருந்தாலன்றி இசை நடவாது என்று அவர் காத்திருக்கவில்லை. எந்த வாத்தியத்தோடு எவர் வந்தாலும் அவருக்கு ஏற்றவாறு ஒரு பகுதியை எழுதிக் கொடுப்பார். ஒருவர் தொடங்கிய மெட்டை அடுத்தவர் சற்றுப் பின்னே தொடங்கி, ஒன்றையொன்று துரத்துவதுபோலப் பாடும் சுழற்பாட்டுக்களைக் கற்பிப்பார். அவ்வாறு பாடுபவர் இலக்கண நூலைத் திறவாமலே பல குரல் இசையின் இலக்கணத்தை உணர்ந்துகொள்வர். கடினமானதென்று எந்த நல்ல பாட்டையும் அவர் ஒதுக்கியதில்லை. சிறந்த இசையைக் குறைபாட்டோடு பாடினாலும் பாடுவதே, அற்ப இசையைப் பிழையறப் பாடுவதிலும் மேலானது என்பது அவர் கொள்கை.

இக்கொள்கைக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியை விரிவாகச் சொல்லலாம். ஹென்றி பர்செல் என்பவர் 1692இல் 'தேவதை இராணி' என்னும் இசைநாடகத்தை ஆக்கினார். 1695இல் அவர் இறந்த சிறிது காலத்துள் அதன் கைப்பிரதி தொலைந்துபோயிற்று. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டு அச்சேறிற்று. ஆனால், அதைப் பாடிக் காட்டத் துணிந்தவர் எவர்? மோர்லிக் கல்லூரியின் மாலை மாணவர்களே. பாடகர்க்கும் வாத்தியக்காரர்க்கும் வேண்டிய தனித்தனிப் பகுதிகளை இருபத்தெட்டு மாணவர்கள் கையினாலே பிரதி செய்தார்கள். எழுதவேண்டியிருந்தவை 1,500 பக்கங்கள். வேலை முடிந்து வந்த ஓய்வு நேரத்தில் எழுதியபடியால் ஏறக்குறைய பதினெட்டு மாதங்கள் சென்றன. 1911ஆம் ஆண்டிலே இலண்டன் றோயல் விக்டோரியா மண்டபத்தில், ஹோல்ஸ்டின் தலைமையில் அவ்விசை அரங்கேறிற்று. அவருடைய ஆருயிர் நண்பரும் பெரும் இசைப் புலவருமான வோன் வில்லியம்ஸ் அதற்கு முன்னுரை நிகழ்த்தினார். பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு ஒருவரும் கேட்டிராத அவ்விசையை உலகிற்கு முதலில் மீட்டுக் கொடுத்தவர்கள் இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். பழைய ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பிரதி செய்து தமிழ் நூல்களைக் காத்தவர்களை அறிந்த நமக்கு அந்த 1,500 பக்கங்களின் அருமை எளிதிற் புரியும்.

ஹோல்ஸ்டின் வாழ்க்கையில் நமது பண்பாட்டோடு தொடர்புடைய ஒரு பகுதியும் உண்டு. இளமையிலேயே அவருக்கு வடமொழி இலக்கியத்தில் ஈடுபாடு ஏற்பட்டது. கிடைத்த மொழிபெயர்ப்புக்கள் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. எனவே, இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியிலே சமஸ்கிருதம் பயின்று, அகராதியின் துணையோடு தாமே மொழிபெயர்க்கத் தொடங்கினார். இருக்கு வேத சூக்தங்களுக்கு அவர் அமைத்த கூட்டிசைப் பாடல்கள் நான்கு தொகுதிகளாக 1908 முதல் 1912 வரையான காலத்தில் உருவாயின. அவற்றுள் மூன்றாந் தொகுதி பெண்குரல்களுக்கும் யாழையொத்த ஹார்ப் வாத்தியத்துக்கும் உரியது. வைகறைத் தெய்வத்தையும் நீரையும் போற்றும் சூக்தங்கள் அதில் உள்ளன. காளிதாசரின் மேகதூதத்தைத் தழுவிய ஒரு கூட்டிசைப் படைப்பும், மாபாரதத்திலே வரும் சாவித்திரியின் கதையைக் கொண்ட சிறிய இசைநாடகமும் அக்காலத்தனவே. இந்திய இராகங்களை அவர் கையாண்டார் என்று கருதலாகாது. கருத்து நம்முடையது, இசை அவருடையது. நாள்தோறும் மாணவியரின் குரலைக் கேட்டுப் பழகிய ஒருவர் பெண்குரல்களுக்காக அத்துணைப் பாடல்கள் எழுதியதில் வியப்பில்லை. வகுப்பறையும் ஆக்கப்பணியும் அவரிடத்திலே பிரிந்து நின்றனவல்ல.

'கிரகங்கள்' தொகுதியின் வரலாறும் இதனையே காட்டும். 1914ஆம் ஆண்டு தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அதனை அவர் இயற்றினார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட பெரிய சுரப்பிரதியை எழுத நோயுற்ற கை இடங்கொடுக்கவில்லை. அப்போது அவருக்குக் கையாக நின்றவர்கள் வாலி லாஸ்கர், நோரா டே என்னும் இரு பெண்மணிகள். புனித பவுல் பாடசாலையிற் பியானோ கற்பித்தவர்கள். ஹோல்ஸ்டின் குழுக்களுக்கு ஒத்திகையிலே துணை வாசித்தவர்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். எழுதியதை இரண்டு பியானோக்களில் வாசித்துக் காட்டினார்கள். வாத்தியக் குழு அதனைக் கேட்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, பாடசாலையின் சங்கீத அறையிலே அந்த இருவர் விரல்களிற் 'கிரகங்கள்' ஒலித்துவிட்டன. மாணவியாயிருந்து இசைப் புலவராக வளர்ந்த ஜேன் ஜோசப் என்பவரும் பிரதி எடுப்பதில் உதவினார்.

1918 செப்டெம்பர் 29ஆந் திகதி, அழைக்கப்பட்டோர் முன்னிலையில், குவீன்ஸ் மண்டபத்திலே ஏட்ரியன் போல்ட் என்பவரின் தலைமையில் அத்தொகுதி முதன்முறையாக வாசிக்கப்பட்டது. இறுதிப் பகுதியாகிய நெப்டியூனிலே, கண்ணுக்குத் தோன்றாத அயலறையிலிருந்து பெண்கள் சொற்களின்றிப் பாடுவர்; இறுதியிலே கதவு மெல்ல மெல்ல மூடப்பட, குரல் தேய்ந்து தேய்ந்து மறையும். அன்று அவ்வாறு மறைந்து நின்று பாடியவர்கள் ஹோல்ஸ்டின் மாணவியர். சாவித்திரி இசைநாடகத்திலும் இப்படியே திரைமறைவிலிருந்து சொற்களின்றிப் பாடும் குழுவொன்றை அவர் அமைத்திருந்தார். மேடைக்கு வராது நின்று இசையைத் தாங்குவோரின் மதிப்பை அறிந்தவரே இத்தகைய உத்தியைக் கண்டுபிடிக்கக்கூடும்.

அப்போது உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. எசெக்ஸ் மாகாணத்திலே தக்ஸ்ரெட் என்னும் சிற்றூரின் அயலில் ஹோல்ஸ்டுக்கு ஒரு குடிசை வீடு இருந்தது. அவர் பெயரோடு 'வொன்' என்னும் ஜெர்மானிய அடைமொழி இருந்தபடியால், யுத்த காலத்தில் ஊரார் சிலர் ஐயுற்றனர். ஆயினும், அவ்வூர்த் தேவாலயத்தின் குருவானவர் கொன்றாட் நோயல் அவருக்கு நண்பரானார். 1916ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே திருநாளிலே ஹோல்ஸ்ட் தம் மோர்லி மாணவரையும் பாடசாலை மாணவியரையும் அவ்வூர்க்கு அழைத்து வந்தார். ஊர்ப் பாடகர்களும் அவர்களோடு சேர்ந்தனர். தொழிற்சாலையிலும் வயலிலும் அலுவலகத்திலும் உழைப்போர் நான்கு நாள்கள் கூடி, பாக், பேர்ட், பர்செல் முதலியோரின் தெய்வ இசையைப் பாடினர். கட்டணமில்லை, தனிப்பாடகர்க்கு விசேஷ மரியாதையுமில்லை. 1917இலும் 1918இலும் இவ்விழா அங்கே நடந்தது. அந்நிய நாட்டுப் பெயரைக் கேட்டு ஐயுற்ற ஊரில், பலரும் ஒன்றுகூடிப் பாடும் உறவை இசை உண்டாக்கிற்று.

இனி, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு வருவோம். இவ்வாழ்க்கைக்கு ஹோல்ஸ்ட் கொடுத்த விலை சிறிதன்று. ஓய்வின்றி உழைத்து அவர் உடல் நலிந்தது. 1923இல் ரெடிங் நகரிலே இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தபோது மேடையிலிருந்து வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டார். அதன் விளைவாக 1924இல் எல்லா வேலைகளையும் நிறுத்தி ஓய்வு கொள்ள நேர்ந்தது. மோர்லிக் கல்லூரியையும் விட்டார். புனித பவுல் பாடசாலையை மாத்திரம் விடவில்லை. வகுப்புக்களிற் செலவான காலத்தை இசை இயற்றுவதிற் செலவிட்டிருந்தால் இன்னும் பல படைப்புக்களை அவர் தந்திருக்கலாம் என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றிலும் நியாயம் இருக்கின்றது.

ஆனால், மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அவருடைய பாடல்களிலே மிகையான அலங்காரம் இல்லை. பாடுவோர்க்கு எட்டாத இடத்திலே சுரத்தை வைத்து அவர் வருத்துவதில்லை. குறைந்த சாதனங்களைக் கொண்டு நிறைந்த பயனை விளைப்பதே அவர் நடை. இவ்வடக்கமும் தெளிவும் எங்கிருந்து வந்தன? ஒவ்வொரு மாலையும் பயிற்சியற்ற குரல்களோடு போராடியதிலிருந்து வந்தன என்பதே என் துணிபு. 1913இற் பாடசாலையின் தந்தி வாத்தியக் குழுவுக்கென எழுதிய 'புனித பவுல் தொகுதி' இன்றும் உலகெங்கும் தொழில்முறைக் குழுக்களால் வாசிக்கப்படுகின்றது. மாணவியர்க்கென எழுதிய இசை அவரையும் கடந்து வாழ்கின்றது. ஆகவே, அவர் ஆசிரியத் தொழில் அவருடைய கலைக்குப் பகையாக நின்றதைவிட அதற்கு உரமாக நின்றதே அதிகம்.

அவர் விதைத்தது அவரோடு முடியவுமில்லை. மோர்லிக் கல்லூரியின் சங்கீதத் தலைமையை 1940 முதல் 1951 வரை இசைப் புலவர் மைக்கல் டிப்பெற் வகித்து, அந்த மரபைத் தொடர்ந்தார். ஹோல்ஸ்டின் ஒரே மகளான இமொஜன், இரண்டாவது உலக யுத்த காலத்திலே இங்கிலாந்தின் தென்மேற்குக் கிராமங்களுக்குச் சென்று, ஊர்மக்களைக் கூட்டிப் பாடவைக்கும் பணியை மேற்கொண்டார். 1950ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வம்மையார் வங்காளத்திலுள்ள சாந்திநிகேதனத்துக்கு வந்து தங்கி, இந்திய சங்கீதத்தைக் கற்றும் தம் இசையைக் கற்பித்தும் சென்றார். தந்தையார் நூல்கள் மூலம் நாடிய பாரத தேசத்தை மகள் நேரிலே கண்டார். 1984இல் மறையும் வரையில் தந்தையின் படைப்புக்களைப் பேணிப் பதிப்பித்தவரும் அவரே. ஹோல்ஸ்டின் அஸ்தி, அவர் பெரிதும் போற்றிய பழம் இசைப் புலவர் வீல்க்ஸின் நினைவுச் சின்னத்துக்கு அருகே, சிசெஸ்டர் பேராலயத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது.

நேயர்களே, பாடகர் குழுக்கள் இங்கிலாந்துக்கு மாத்திரம் உரியனவல்ல. நமது ஊர்களிலும் மார்கழி மாதத்து அதிகாலையில் வீதி வழியே பாடிச் செல்லும் பஜனைக் குழுக்கள் உண்டு. தேவாலயங்களிலே நத்தார் திருநாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே ஒத்திகை தொடங்கும் பாடகர்கள் உண்டு. பாடசாலை மாணவரைக் கூட்டி வைத்து, ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து, ஒரே அடியை இருபது முறை சலிப்பின்றிச் சொல்லிக்கொடுக்கும் சங்கீத உபாத்தியாயரும் உண்டு. விழா முடிந்து நன்றியுரை கூறும்போது அவர்களுடைய பெயர் பல வேளைகளில் இறுதியிலேயே வரும். சில வேளைகளில் வராமலும் போகும். அத்தகையோரின் உழைப்பை மதிப்பிடுவதற்கு ஹோல்ஸ்டின் வாழ்க்கை நமக்கு ஓர் அளவுகோலாகும். ஓர் ஊரின் சங்கீத வளத்தை அறிய வேண்டுமானால், அங்கே எத்தனை வித்துவான்கள் இருக்கின்றார்கள் என்பதோடு, எத்தனை சாதாரண மக்கள் வாய்திறந்து நல்ல பாட்டைப் பாடுகின்றார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களைப் பாடவைக்கின்ற ஒருவர் உங்கள் ஊரில் இருப்பாராயின், அடுத்த விழா வரும் வரையிற் காத்திராது அவரைத் தேடிச் சென்று ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.